மைனஸ் போட்டுக் கேட்கவும்

நாமக்கல், சேலம் பக்கத்தில் நாற்பத்தைந்து வயதைத் தொட்ட ஆண்பிள்ளைக்கு முன்பெல்லாம் மூன்று வழிகள்தான் இருந்தன. மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போகலாம். கட்சியில் ஒன்றிய அளவில் ஒரு பொறுப்பு வாங்கலாம். நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து சைட்டுப் போட்டு, அந்த நாலு பேரோடும் பேச்சு வார்த்தை இல்லாமல் போகலாம். இப்போது நான்காவதாக ஒரு வழி வந்திருக்கிறது. மாரத்தான்.

இந்த வழியில் போனவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கன்னம் ஒட்டியிருக்கும். விசேஷ வீடுகளில் அவருடைய மனைவியைச் சொந்தக்காரர்கள் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். அவர் மணிக்கட்டில் வறுக்கி அளவுக்கு ஒரு கடிகாரம். வெள்ளைச் சட்டையெல்லாம் பீரோவில் ஓய்வெடுக்க, துக்க வீட்டுக்குக்கூட முதுகில் பத்துக் கம்பெனிப் பெயர் அச்சடித்த பனியனில்தான் வருவார். உட்காரும்போது காலை நீட்டி, கணுக்காலைப் பிடித்து, முகத்தைச் சுளித்து, யாராவது "என்னாச்சுங்க?" என்று கேட்கும்வரை காத்திருப்பார். கேட்டுவிட்டீர்கள் என்றால் அன்றைய மதியம் போயிற்று.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழைத் தாண்டியிருக்கிறது, தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள் என்றார் டாக்டர். நம்மவர் கோழிப்பண்ணைக்காரர். நேரத்தையும் தீவனத்தையும் வீணாக்கப் பிறக்காதவர். முக்கால் மணி நேரம் நடப்பதை அரை மணியில் ஓடி முடித்துவிட்டால் கால் மணி லாபம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கால் மணி லாபத்துக்காக இன்றைக்கு ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

தொழில் புத்தி ஓட்டத்திலும் கூடவே வந்துவிட்டது. நாமக்கல்லில் முட்டை விலையை என்.இ.சி.சி. என்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு காசுக் கணக்கில் அறிவிக்கும். அஞ்சு காசு ஏறினால் சிரிப்பு, பத்துக் காசு இறங்கினால் சாப்பாடு இறங்காது. இருபது வருடம் காசைப் பார்த்த கண்கள் இப்போது நொடியைப் பார்க்கின்றன. "கிலோமீட்டருக்கு ஆறரை நிமிசத்துல இருந்துச்சுங்க. போன வாரம் அஞ்சு செகண்டு கொறஞ்சுது. நேத்துப் பனி, மூணு செகண்டு ஏறிப்போச்சு." கேட்பவருக்கு அவர் பேசுவது ஓட்டமா முட்டையா என்று புரிய அரை நிமிடம் ஆகும்.

முட்டைத் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. அறிவித்த விலைக்கு யாரும் முட்டை எடுப்பதில்லை. வியாபாரி அதிலிருந்து இத்தனை காசு குறைத்துக்கொண்டுதான் எடுப்பார். அதற்கு மைனஸ் என்று பெயர். நம்மவர் சொல்கிற கிலோமீட்டர்களையும் நேரங்களையும் ஊர்க்காரர்கள் அதே முறையில்தான் வாங்கிக்கொள்கிறார்கள். "அண்ணன் இன்னைக்கு இருபத்தி நாலு கிலோமீட்டர் ஓடுனாராம்." "மைனஸ் எவ்வளவு?" "மூணு போட்டுக்கலாம்."

இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கடிகாரம் 9.7 காட்டும்போது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் நம்மவர் உள்ளே நுழைய மாட்டார். பத்து ஆகவேண்டும். வாசலில் ஓடினால் நாய் வரும் என்பதால் பண்ணைக்குள் போய்க் கொட்டகையைச் சுற்றுவார். கூண்டுக்குள் இருக்கிற ஐயாயிரம் லேயர் கோழிகள் விடியற்காலையில் ஆரஞ்சு நிற உருவம் ஒன்று மூச்சிரைத்துக்கொண்டு கடந்து போவதைப் பார்த்து மிரளும். மிரண்ட கோழி ஒழுங்காக முட்டை வைக்காது என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். பண்ணையில் வேலை பார்க்கும் பையன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டே சொல்லிவிட்டான்: "அண்ணா, நீங்க பத்து முடிச்ச அன்னைக்கெல்லாம் நமக்கு முட்டை கொறையுதுங்கண்ணா."

சாலையில் ஓடுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டுகிற பட்டறைகளும் கேஸ் டேங்கர்களும் நிறைந்த ஊரில் ஒரு மனிதன் புறவழிச்சாலையில் இருட்டில் தனியாக ஓடினால் அதற்கு ஒரே பொருள்தான்: வண்டி எங்கேயோ நின்றுவிட்டது. எத்தனை டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டி, "ஏறுங்கண்ணா, மெக்கானிக் செட்டுல எறக்கி விடறேன்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள்! முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தார். "சும்மாத்தானுங்க ஓடறேன்" என்றதும் அவர்கள் பார்த்த பார்வை பொறுக்காமல், இப்போதெல்லாம் "செட்டுக்குச் சொல்லியாச்சுங்க" என்று சொல்லிவிடுகிறார். வழியில் பால் ஊற்றப் போகிற பெரியம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. "யாருக்கு என்ன ஆச்சு சாமி, இப்பிடி ஓடற?"

சாப்பாட்டு விஷயத்தில் வீடு இரண்டுபட்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் முட்டை அனுப்புகிறவர் வீட்டில் வெள்ளைக்கருவை மட்டும் தின்பார். மஞ்சள் கரு மற்றவர்களுக்கு. மூன்று வருடமாக அரிசியைக் கண்டால் பாம்பைக் கண்டது மாதிரி ஒதுங்குகிறவர், ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து திடீரென்று குண்டான் குண்டானாகச் சோறு கேட்பார். தசையில் மாவுச்சத்தைச் சேமிக்க வேண்டுமாம்; அந்த இருப்பு முப்பது கிலோமீட்டர் சுமாருக்குத் தீர்ந்துவிடுமாம்; அதற்குப் பிறகு எதிரே ஒரு சுவர் எழும்பி நிற்கிற மாதிரி இருக்குமாம். உடற்கூறு நூல்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. மனைவிக்கு ஒரே சந்தேகம்: "ஏனுங்க, ரேசுக்குச் சாப்பிட்டா மட்டும் சக்கரை ஏறாதுங்களா?"

அந்த அம்மாளிடம் வாய் கொடுத்து அவர் ஜெயித்ததில்லை. ஒருநாள் ஃபௌஜா சிங் கதையை எடுத்தார். எண்பத்தொன்பதாவது வயதில், 2000-ல், லண்டனில் முதல் முழு மாரத்தானை ஓடி முடித்த பஞ்சாபிப் பெரியவர். கதை முழுவதையும் அமைதியாகக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "அப்ப உங்களுக்கு இன்னும் நாப்பது வருசம் இருக்குதுங்க. இப்பப் போயிப் பால் வாங்கிட்டு வாங்க."

ஷூ விலை வீட்டில் யாருக்கும் தெரியாது. பில் பண்ணைக் கணக்கில், தடுப்பூசிச் செலவுக்குக் கீழே இருக்கிறது. அந்த ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டேதான் வெறுங்கால் வீரர்களைப் பற்றிப் பக்தியோடு பேசுவார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா செருப்பில்லாமல் ஓடித் தங்கம் வாங்கினார். நம் சிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. அவரும் வெறுங்காலில் ஓடிப் பேர் வாங்கியவர். "பாத்தீங்களா, செருப்பே இல்லாம!" என்று சொல்லிவிட்டு, ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைப்பார்.

தூரத்தின் வரலாறும் அவருக்கு அத்துபடி. 1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது மாரத்தான் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1908-ல் லண்டனில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கத்தில் ராஜகுடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று ஏற்பாடானதில் அது நீண்டது. 1921-ல் அதே தூரத்தை, 42.195 கிலோமீட்டரை, உலகம் முழுமைக்கும் சட்டமாக்கிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு வருகிற அந்த இரண்டே கால் கிலோமீட்டரில் நம்மவர் வெள்ளைக்காரனைத் திட்டுகிற வேகத்தைக் கட்டபொம்மன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இவ்வளவு ஆர்வம் உள்ளவர் உள்ளூரில் ஓட வேண்டியதுதானே? அங்கேதான் சங்கதி. ஒரு பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவோடு ஏற்காடு, இன்னொரு பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவோடு கொல்லிமலை. வெளியூர்க்காரர்கள் அந்த மேட்டில் ஓடிப் பழக ஆசைப்பட்டு வருகிறார்கள். நம்மவருக்கு மேடு என்றால் ஆகாது. "பேஸ் போயிருமுங்க." அவர் தேடுவது சமதளம். பாத்தி கட்டி நீர் பாய்ச்சினாலும் ஒரு பக்கம் சாயாத தளம். அப்படிப்பட்ட இடம் கடலோரத்தில்தான் இருக்கிறது என்று ஓட்டக்காரர் வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிவிட்டது.

ஆகவே ஜனவரி பிறந்தால் சென்னை மாரத்தான். மேட்டைக் கண்டு ஒதுங்குகிற மனிதர் சேலத்தில் ஏறுகிற ராத்திரி ரயிலுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. போவதற்கு முன் நாமக்கல் ஆஞ்சநேயரிடம் ஒரு வேண்டுதல். பதினெட்டு அடி உயரம், தலைக்குமேல் கூரை கிடையாது, அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடையில் மாலை. கடலையே ஒரே தாவலில் தாண்டியவரிடம் போய், கடலோரமாக ஓடுவதற்குத் துணை கேட்பதில் நம்மவருக்குக் கூச்சமில்லை. நாலரை மணி நேரத்துக்குள் முடித்தால் வடைமாலை சாத்துவதாகப் பேச்சு.

நேப்பியர் பாலத்துப் பக்கம் விடிவதற்கு முன்னாலேயே கூட்டம். தளம் அவர் கேட்ட மாதிரியே தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் யாரும் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. சேலம் கடல் மட்டத்துக்கு மேலே முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, காற்று வறண்டது, வேர்த்த வேர்வை அப்படியே ஆவியாகிப் போகும், போகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடக்கிறது. வேர்வைக்குப் போக இடமில்லை. உடம்பிலேயே வழியும், சூடு இறங்காது. மார்கழிப் பனியிலும் நம்மவர் பதினைந்தாவது கிலோமீட்டரில் தொப்பலாக நனைந்து, முப்பதில் சுவரைக் கண்டு, முப்பத்தைந்தில் நடந்து, கேமராக்காரரைப் பார்த்ததும் மறுபடி ஓடி, 4 மணி 41 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்.

வடைமாலைக் கணக்கு இன்னும் தீரவில்லை. துப்பாக்கி சுட்டதிலிருந்து எண்ணுகிற நேரம் ஒன்று, கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுகிற நேரம் ஒன்று, கழிப்பறை வரிசையில் நின்ற நேரம் ஒன்று என்று கழித்துக்கொண்டே போனால் நாலரைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்கிறார். ஆஞ்சநேயருக்கே மைனஸ். ஊருக்கு வந்து அம்மாவிடம், "பி.பி. ஆறு நிமிசம் கொறஞ்சிருக்குதும்மா" என்று பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது தம்முடைய சொந்தச் சாதனையை. அந்த அம்மாள் உடனே உப்புப் போட்டு மோர் கலக்கப் போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் யாரோ, "அண்ணா, சென்னை பெரிய கூட்டம். சின்ன ரேசா பாருங்க, ஆரோவில் போங்க. கடலோரம், சமதளம், பிப்ரவரி" என்று சொல்லியிருக்கிறார்கள். 2008 முதல் நடந்துவரும் ஓட்டம். நம்மவர் விவரம் முழுவதும் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்த ஓட்டத்தில் பரிசு கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது, ஓடுகிற ஆனந்தத்துக்காக மட்டும் ஓடுவது என்பது தெரிந்திருக்கும். கடலோரம் என்பதும் ஊருக்குப் பொருந்துமே தவிர ஓட்டத்துக்குப் பொருந்தாது. 1968-ல் பொட்டலாகக் கிடந்த மண்ணில் அங்கே குடியேறியவர்கள் நட்டு வளர்த்த காட்டுக்குள்ளே செம்மண் தடத்தில் ஓட்டம். கடல் சில கிலோமீட்டர் தள்ளி, கண்ணில் படாமல் இருக்கிறது.

வேர்கள், பள்ளம், செம்மண் புழுதி, மரங்களுக்கு நடுவே மெல்ல வருகிற வெளிச்சம். பாதி வழியில் அவருடைய கடிகாரம் பேட்டரி தீர்ந்து இருண்டுவிட்டது. முதல் நாள் இரவு சார்ஜரை மறந்திருக்கிறார். முடிகிற இடத்துக்கு வந்து, அங்கே நின்ற தொண்டர் பெண்ணிடம் மூச்சு வாங்கக் கேட்டார்:

"ஏம்மா, எத்தனை மணி நேரத்துல வந்திருக்கேன்?"

"நல்லா இருந்துச்சுங்களா? சந்தோசமா ஓடுனீங்களா?"

"தெரியலம்மா. வாட்சு ஆஃப் ஆயிருச்சு."

அந்த ஓட்டத்தைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசுவதில்லை. பேச எண் இல்லை. அவர் ஓடியதிலேயே மைனஸ் போட முடியாத ஓட்டம் அது ஒன்றுதான்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். சர்க்கரை இறங்கிவிட்டது, டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். முதலில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது பனியன் வாங்கியிருக்கிறார்கள். தெருநாய்களுக்கும் முன்பைவிட உடற்பயிற்சி கிடைக்கிறது. நஷ்டம் சொந்தபந்தங்களுக்குத்தான். சென்னை ஓட்டம் மார்கழியில் வருவதால் முகூர்த்தத்தோடு மோதாது. ஆரோவில் அப்படியில்லை; தையும் மாசியும் கல்யாண மாதம். போன வருடம் மச்சினன் வீட்டு நிச்சயத்துக்கு அவர் வராமல் போனதை யாரும் இன்னும் மறக்கவில்லை.

ஆகையால் எங்கள் பக்கத்துப் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர் மாரத்தான்காரர் என்றால் பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வைக்காதீர்கள். திங்கட்கிழமைதான் அமைந்தது என்றால் மாடிப்படி இல்லாத மண்டபமாகப் பாருங்கள். ஓடிய மறுநாள் அவரால் படி ஏற முடியும், இறங்க முடியாது.