பல மரம் கண்ட தச்சன்

கண்டியில் ஒரு பிள்ளை கம்பஸ் போகிறது என்றால் ஊர் கேட்கும் முதற்கேள்வி "என்ன படிக்குது?" என்பது. மருத்துவம், பொறியியல் என்று பதில் வந்தால் கேள்வி அத்துடன் தீரும். பேச்சு சாதகம், சீதனம் என்று நகர்ந்துவிடும். 'உலகக் கற்கைகள்' என்று பதில் வந்தால்தான் இரண்டாவது கேள்வி பிறக்கும்: "அப்படியென்றால்?" கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பொருளியல், கொஞ்சம் அரசறிவியல், கொஞ்சம் மானிடவியல், தொட்டுக்கொள்ள ஒரு பிறமொழி என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பரிமாறும் இந்தப் பட்டத்துக்கு நம் பெரியவர்களிடம் ஒரு பழமொழி எப்போதும் தயாராக இருக்கிறது: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். பேராதனையில் மூன்று பாடம் படித்த பொதுப்பட்டக்காரரை, ஒரே பாடத்தைக் கட்டிப்பிடித்த சிறப்புப்பட்டக்காரர் ஒரு படி மேலே நின்று பார்த்ததற்கும் இந்தப் பழமொழிதான் சாஸ்திரம்.

பழமொழி பிழையென்று சொல்லவில்லை. சொல்லும் இடம்தான் பிழை. பேராதனை வளாகத்துக்குப் பக்கத்திலேயே, பல மரம் காண்பதற்கென்று டிக்கெட் விற்கும் தாவரவியல் பூங்கா 1821 முதல் இருக்கிறது. 1891இல் ரஷ்யாவின் பட்டத்து இளவரசராக வந்த நிக்கலஸ் அங்கே ஒரு மரம் நட்டார். அவருடைய சிம்மாசனம் இருந்த இடத்தில் எழுந்த அரசு விண்ணுக்கு அனுப்பிய யூரி ககாரின், 1961இல் வந்து இன்னொரு மரம் நட்டார். நடுவில், 1944இல், மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து இங்கே மாற்றி, பர்மா யுத்தத்தை இந்த நிழலில் இருந்து நடத்தினார். இந்தப் பூங்கா எந்தத் துறைக்குச் சொந்தம்? மரத்தின் குடும்பம் தாவரவியலாருக்குத் தெரியும். நட்டவரின் குடும்பம் என்ன ஆயிற்று என்பது வரலாற்றாசிரியருக்குத் தெரியும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டுபவர் மட்டுமே. உலகக் கற்கைகளின் முதற் பட்டதாரி அவர்தான். சான்றிதழ்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

என் கட்சி இதுதான்: கண்டியில் ஒரே துறையை வைத்துக்கொண்டு விளங்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. பூங்கா வரை போக வேண்டாம், கடையில் ஒரு பிளேன்டீ சொன்னால் போதும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அதே வருடம் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலும் வந்தது. ஆனால் ரயில் வந்தது கோப்பியை இறக்குவதற்கு. இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையின் அடியில் துருப்பிடித்தது போல ஒரு பூஞ்சை தென்பட்டது. பாதை போட்டு முடித்த கையோடு சரக்குக்குச் சீக்கு வந்தது. பின்னாளைய நம் அபிவிருத்தித் திட்டங்கள் பலவற்றுக்கு இது முன்னோடி. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற ஆய்வாளர் பூஞ்சையின் வாழ்க்கையைத் துல்லியமாகக் கண்டறிந்தார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதே அது பரவ வசதி செய்தது என்பதையும் கண்டார். மருந்து கிடைக்கவில்லை. கோப்பி போயிற்று. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்க வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த தமிழர்களை, வருடம் முழுவதும் கொழுந்து விடும் தேயிலை லயன்களில் குடும்பத்தோடு நிறுத்தியது. இது தாவரவியலா, சமூகவியலா? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடில்லாதவர்கள் ஆக்கியபோது விஷயம் சட்டத்துறைக்குப் போனது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது அது கணக்குப் பாடம் ஆனது: மொத்தம் 975,000 பேர், இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூட்டிப் பாருங்கள், ஓர் ஆள் பிசகாது. அந்த 975,000 பேரைக் கேட்காததுதான் குறை. சர்வதேச உறவுகள் வகுப்பில் இது உடன்படிக்கை, பொருளியலில் தொழிலாளர் வழங்கல். லயத்தில், அண்ணன் மண்டபம் முகாமுக்கும் தங்கச்சி இங்கேயும் என்று அடுப்பு இரண்டானது. ஒரு துறை மட்டும் படித்தவர் இந்தப் பிளேன்டீயில் நாலில் ஒரு பங்கைத்தான் குடிக்கிறார். விலை முழுவதும் கொடுக்கிறார்.

"கண்டியின் தூய மரபு" என்று ஒரு பேச்சு உண்டு, அதையும் பார்த்துவிடலாம். 1753இல் இங்கே பிக்குகளின் உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்ததை மீட்க சியாமிலிருந்து உபாலி தேரர் வந்தார். அழைத்த அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழி. பயணத்துக்குக் கப்பல் கொடுத்தவர்கள் ஒல்லாந்தர், சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். அந்த அரசர் காலத்தில்தான் தந்ததாது பெரஹராவின் முன்னணிக்கு வந்தது. அதற்கு முன் அது நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலம். பத்தினி யாரென்று தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை, மதுரையை எரித்த கண்ணகிதான். ஆக ஒரு யானை ஊர்வலத்தில் சியாம், நெதர்லாந்து, மதுரை, பூம்புகார். இதற்கு எந்த ஒரு துறையிடமும் விடை கேட்க முடியாது. கேட்டால், பக்கத்துக் கட்டடத்தைக் கைகாட்டுவார்கள்.

சரி, ஆழம்? ஒரு குழியை மட்டும் தோண்டினால் ஆழம் வரும் என்பது உண்மை. கிணறு என்றால் தண்ணீர் இருக்கும் இடத்தில் தோண்ட வேண்டும், அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆட்சேபத்துக்கு இதற்கு மேல் மரியாதை தேவையில்லை. உண்மையான ஆட்சேபம் வேறு, அதைச் சொல்பவர்கள் குறைவு: எல்லாவற்றையும் படித்தவனுக்கு எதையும் எதனோடும் முடிச்சுப் போடும் வியாதி வரும். அதற்குச் சாட்சியும் இதே பிளேன்டீக்குள் இருக்கிறது. இலங்கைக் கோப்பிக்குப் பூஞ்சை வந்ததால்தான் ஆங்கிலேயர் கோப்பியை விட்டுத் தேநீர் குடிக்கும் சனமானார்கள் என்று ஒரு கதை அழகாக உலவுகிறது. பூஞ்சை, பேரரசு, நாக்கு எல்லாம் ஒரே வரியில்; எந்த உலகக் கற்கைகள் மாணவரும் மயங்கிவிடுவார். ஆனால் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது 1773இல். டெய்லர் தேயிலை நடுவதற்குத் தொண்ணூற்று நாலு வருடங்களுக்கு முன்பே அந்தப் பேரரசு சீனத் தேயிலைக்கு அடிமை. ஆகவே இந்தப் பட்டத்துக்கு ஒரு நிபந்தனை போடலாம்: முடிச்சுப் போடு, ஆனால் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார். இழுத்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்காத இடத்தில் கட்டணம் கட்டுவதை விட, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் உலக அரசியல் கேட்கலாம். அவர் இலவசம்.

கடைசியாக உத்தியோகம். "இதைப் படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்?" என்று கேட்பவர்கள் பிரதேச செயலகத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். வேலை கேட்டு வீதியில் நின்ற பட்டதாரிகளுக்கு அரசாங்கம் கொடுத்த பதவியின் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர். வரலாறு படித்தவர், புவியியல் படித்தவர், இந்து நாகரிகம் படித்தவர் எல்லாரும் அந்த ஒரே நாற்காலிக்குப் பொருந்தினார்கள். துறைகளைக் கலக்கலாமா என்று பேராசிரியர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, அரசாங்கம் எப்போதோ கலந்துவிட்டது. படிப்பில் கலக்காமல் உத்தியோகத்தில் மட்டும் கலந்ததுதான் கோளாறு.

பெண் பார்க்க வந்தவர்கள் "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டால் பதற வேண்டாம். கையில் ஒரு பிளேன்டீயைக் கொடுத்து "இதைத்தான்" என்று சொல்லுங்கள். சீனியைப் பற்றி மட்டும் அவர்கள் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் மொரீசியசும் நேட்டாலும் கரும்புத் தோட்டத் தமிழரும் இருக்கிறார்கள், இன்னும் ஒரு வருடம் ஆகும்.