நல்லதண்ணிக் கிணற்றைச் சவராக்குவது எப்படி?

தீவுப்பகுதி நாரந்தனையில் காணி வைத்திருப்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து வளவைத் 'துப்புரவாக்கி'விட்டுப் பிளேன் ஏறுகிறவர்களுக்கும் இந்தக் கையேடு. ஆறில்லாத தீவு, மாரிமழையை மட்டும் நம்பியிருக்கும் கிணறு. கெடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

முதலில் பனங்கூடலைக் கவனியுங்கள். எங்கள் தீவில் காடென்றால் அதுதான். போர்க்காலத்தில் பங்கருக்கென்று தறித்தது போக மிச்சம் நிற்கிறது. வடலிக்குள் பாம்பு கிடக்குமென்று சொல்லி நெருப்பு வையுங்கள். அயலிலிருக்கும் கிழவர் படலையைத் திறந்துகொண்டு வருவார்: "மோனே, பனை நிண்டால்தான் தண்ணி நிக்கும்." உடனே, "பனையும் தண்ணி குடிக்கும்தானே அப்பு?" என்று மடக்குங்கள். அது உண்மையுங்கூட, குடிக்காத மரம் ஏது? ஆனால் சல்லிவேர் மண்ணை இளக்கி வைத்திருப்பதையும், சருகும் பற்றையும் வெள்ளத்தை மறித்து நிலத்துக்குள் இறக்குவதையும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். மொட்டை நிலத்தில் மழை நிற்காது, நேரே கடலுக்குப் போய்விடும். எங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

பூவரசு, கிளுவை வேலியைப் பிடுங்கி மதில் எழுப்புங்கள். முற்றத்துக்குச் சீமெந்து. அதற்கு மணல் வேண்டுமே? சாட்டியும் மண்கும்பானும் பக்கத்தில்தான். அந்த மணல்தான் மழையைக் குடித்து வைத்திருக்கிறது; தீவுப்பகுதி நல்லதண்ணிக்குச் சாட்டிக் கிணறுகளைத்தான் பார்த்திருக்கிறது. ஆகவே அங்கேயே அள்ளுங்கள். பகலில் கூச்சமாக இருந்தால் இரவில்.

இனி முக்கியமான கட்டம், மோட்டர். நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல். அதன் துவாரங்களுக்குள் கடல்நீர் புகுந்திருக்கிறது. அந்த உப்புநீருக்கு மேலேதான் மழைநீர் வில்லைபோல மிதக்கிறது, எடை குறைவென்பதால். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்று கணக்குச் சொன்னவர்களில் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்துப் பொறியாளர் பாடன் கைபன். (எங்கள் தீவுக்கு லைடன் என்று பெயர் வைத்துவிட்டுப் போனதும் ஒல்லாந்தர்தான்.) கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால் கீழே சவர் 40 அடி ஏறப் பார்க்கும். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் இறைக்கிறவனுக்குக் கை நோகும், கிணறு ஊறும். மோட்டருக்குக் கை நோகாது. காலையில் போட்டுவிட்டு ரவுணுக்குப் போய்வாருங்கள்.

குளம், கேணியென்று ஏதாவது மிஞ்சியிருந்தால் குப்பை கொட்டி மூடுங்கள். கடலோரக் கண்டலையும் வெட்டிவிடுங்கள், காட்சி தெரியும்.

வேலை முடிந்ததை எப்படி அறிவது? சவர்க்காரம் நுரைக்காது. தென்னங்கன்றின் ஓலை நுனியில் கருகத் தொடங்கும். வாயில் விட்டுப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் எல்லோரும் விட்டுப் பார்ப்பார்கள்.

பயப்படவேண்டாம், மருந்து இருக்கிறது. தாளையடியில் 2024இல் திறந்த நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் நன்னீர் எடுக்கக்கூடியது. வானம் சும்மா கொட்டியதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, கடலிலிருந்து கரண்ட் செலவழித்துத் திரும்ப எடுப்பதைப்போல நாகரிகம் வேறில்லை.

அந்தத் தண்ணி வந்து சேரும்வரை பவுசர்தான். கான்களைக் கழுவி விடியவே படலையடியில் அடுக்கி வையுங்கள். பிந்தினால் தண்ணி முடிந்துவிடும்.