கஹவத்தையில் மண் வாங்குதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

சுற்றிலும் மண்ணாகவே கிடக்கும் ஊரில் மண்ணைக் காசு கொடுத்து வாங்குவது ஏன் என்ற கேள்வியை அறிஞர் உலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. பெல்மடுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிப் போகும் ஏ18 வீதியில் ரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தையைத் தாண்டிப் பாருங்கள். மேட்டில் தேயிலை, இறப்பர், பள்ளத்தில் வயல், கிடைத்த இடத்திலெல்லாம் மாணிக்கக் குழி. எந்த நேரமும் யாராவது எதையாவது தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் வீடு கட்டத் துணிந்தவர் கல், சீமெந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்பது, “மண்ணு எங்க எடுக்கலாம்?” என்றுதான்.

இத்துறையின் வரலாறு மதுரையில் தொடங்குகிறது. வைகைக் கரை உடைந்தபோது வந்திக் கிழவியின் பங்குக்கு மண் போட வந்த ஒப்பந்தக்காரர் சிவபெருமான். கூலி, உதிர்ந்த பிட்டு. திருவிளையாடல் புராணத்தைப் பக்தி நூலாக மட்டும் படிப்பவர்கள் அதிலுள்ள ஒப்பந்தச் சிக்கலைக் கவனிப்பதில்லை: கூலி முன்பணமாகப் போய்விட்டது, வேலைக்காரர் தூங்கிவிட்டார், பாண்டியன் பிரம்பை எடுத்தான். கடைசியில் ஒரே கூடை மண்ணில் வேலை முடிந்தது. இன்றைய மண்காரர்களிடமும் இம்மரபு அப்படியே இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வந்தால் ஒரே கொட்டில் முடிந்துவிட்டது என்கிறார்கள். அடி மட்டும் வாங்கியவர் முதுகில் விழுகிறது.

அளவையியலுக்கு வருவோம். மண்ணின் அலகு கியூப். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. நிலத்தின் அலகு பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. தோட்டக் குடும்பங்களுக்கு 2015க்குப் பிறகு வந்த தனிவீட்டுத் திட்டங்களில் ஒதுக்கியது 7 பேர்ச், அதாவது ஏறக்குறைய 1,906 சதுர அடி. அவ்வளவு பெரிய துண்டு ஒன்று வீதியைவிடத் தாழ்ந்திருந்து, அதை 2 அடி உயர்த்த வேண்டுமென்றால் 38 கியூப் மண் வேண்டும். இதுவரை கணக்கு நேர்மையானது.

சிக்கல், மண் மூச்சு விடுவதில் இருக்கிறது. மேட்டில் கிடந்த மண்ணை பெக்கோ இயந்திரம் வெட்டி எடுத்ததும் அது நாலில் ஒரு பங்குக்கு மேல் உப்பிவிடும். இடித்து இறுக்கினால் இருந்த அளவுக்கும் கீழே இறங்கும். விற்பவர் அளப்பது உப்பிய மண்ணை, வாங்குபவருக்கு வேண்டியது இறுகிய மண். ஆக 38 கியூப் நிரம்ப 50 கியூப் வரை வாங்க வேண்டும். மிச்சம் 12 கியூப் காற்று. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் இயற்பியல். 1933இல் அமெரிக்காவில் ப்ரொக்டர் என்ற பொறியியலாளர், மண் எவ்வளவு ஈரத்தில் மிக நன்றாக இறுகும் என்று சோதித்து எழுதினார். எங்கள் பக்கத்து மேசன் பாஸ்மார் அவரைப் படித்ததில்லை. ஆனால் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்து, “இன்னுங் கொஞ்சம் தண்ணி அடிங்க தம்பி” என்று சொல்லும்போது அதே முடிவுக்குத்தான் வருகிறார்கள்.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு விஞ்ஞானம் வேறொரு வழியும் வைத்திருக்கிறது. மண்புழுக்கள் கீழிருக்கும் மண்ணை ஆண்டுக்குச் சுமார் 0.2 அங்குலப் படையாகத் தரைமேல் கொண்டுவந்து போடுகின்றன என்று 1881இல் சார்ல்ஸ் டார்வின் எழுதினார். அது இங்கிலாந்துப் புழுக்களின் வேகம். சபரகமுவப் புழுக்களும் அதே வேகத்தில் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் 2 அடிக்கு 120 ஆண்டு. தோட்ட லயத்து அறையில் அதைவிட நீண்ட காலம் பொறுத்திருந்த சமூகத்துக்கு இது பெரிய தாமதமல்ல. இத்திட்டத்தை அரசாங்கத்துக்குப் பரிந்துரைக்கத்தான் இருந்தேன். நடைமுறைப்படுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

இனி மண்ணின் வகைகள். முதல் தரம் கிரவல்: செம்மையும் பொடிக்கல்லும் கலந்தது, தண்ணீர் தெளித்து இடித்தால் பாறைபோலாகும். அடுத்தது மேல்மண். கறுப்பாக, வாசனையாக, பார்த்தாலே பயிர் வைக்கத் தோன்றும். அதனாலேயே வீட்டுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் வேரும் சருகும் உக்க உக்கத் தரை இறங்கும். களிமண் மழையில் வீங்கி வெயிலில் வெடிக்கும். மாணிக்கக் குழியிலிருந்து வரும் மண்ணோ தனி இனம். மாணிக்கம் கிடைக்கும் “இல்லம்” என்ற சரளைப் படையை அரித்துக் கழுவி, மதிப்புள்ள எல்லாவற்றையும் எடுத்த பிறகு எஞ்சிய சேறும் சல்லியும் அது. மலிவாகக் கிடைக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது.

ஆனால் அம்மண்ணுக்கு இருக்கும் பார்வையாளர் கூட்டம் வேறெந்த மண்ணுக்கும் கிடையாது. டிப்பர் பின்பக்கம் திரும்பி, தட்டு உயர்ந்து, கதவு “டமார்” என்று திறக்கிறது. முதலில் பிடுங்கிய தேயிலைத் தூர் ஒன்று வேரோடு உருண்டு வருகிறது, பிறகு மண். தூசு அடங்குவதற்குள் பக்கத்து வீட்டுத் தாத்தா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலில் ஏறிவிடுகிறார். ஒரு கூழாங்கல்லை எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, சூரியனுக்கு நேரே பிடிக்கிறார். “என்னா தாத்தா, நீலமா?” “ச்சே, வெறுங்கல்லு.” சொல்லிவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் கிணறு தோண்டியபோதுதான் 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக்கல் கொத்து வெளிவந்ததாக 2021இல் செய்தி வந்தது.

சட்டப் பகுதி சுருக்கமானது, அலைச்சல்தான் நீளமானது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனியங்களை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கொட்டும் இடம் வயலாக இருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி. சரிவில் கட்டுவதானால், இது மண்சரிவு மாவட்டம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று. அதனால்தான் பின்பக்க மேட்டை வெட்டி முன்பக்கப் பள்ளத்தில் தள்ளும் இலவச வழி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கியதைப் பார்த்த மாகாணத்தில் அந்தச் சான்றைக் கேட்பது நியாயமும்கூட. இருந்தாலும் ஓர் இடைக்குறிப்பு: 1948இல் குடியுரிமை பறிபோன தோட்ட மக்களில் கடைசியாக எஞ்சியவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கச் சட்டம் வந்தது 2003இல். அவர்கள் பத்திரமில்லாமல் இருந்த மலையில் இன்று மண் பத்திரத்தோடு பயணம் செய்கிறது.

ஒப்பீட்டுக்காகக் கொழும்புத் துறைமுக நகரையும் பார்த்தேன். அங்கே கடலிலேயே மணல் கொட்டி 269 ஹெக்டேயர் நிலம் உண்டாக்கிவிட்டார்கள். நம் அலகில் சொன்னால், 7 பேர்ச் துண்டுகள் 15,000க்கு மேல். கடலை நிரப்புவது நாட்டின் வளர்ச்சி. முற்றத்தை நிரப்புவது சொந்தக் கடன்.

ஆய்வின் முடிவுகளை வாசகர் நாளைக்கே பயன்படுத்தலாம். டிப்பர் தட்டின் நீளம், அகலம், மண்ணின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் கியூப் வந்துவிடும். 12 அடிக்கு 7 அடித் தட்டில் 3 கியூப் என்றால் மண் சராசரி 3 அடி 7 அங்குலம் நிற்க வேண்டும். கொட்டியதை ஒரேயடியாக நிரவாமல் அரையடி, முக்காலடிப் படையாகப் போட்டு, நனைத்து, இடியுங்கள். ரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுவதையும் அந்த மண்மேல் பெய்ய விடுங்கள். அத்திவாரக் கல்லை, புதிதாகக் கொட்டிய மண்ணில் வைக்காமல், அதைத் தாண்டிப் பழைய நிலம் வரை இறக்குங்கள். டிப்பர் வரும் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அளவு நாடாவோடு வாசலில் நில்லுங்கள். அளந்த பிறகே காசைக் கொடுங்கள்.