அணுவுக்கு நாலு நாள், அகதிக்கு நாற்பது வருடம்

கேள்வி-பதில்

ஓய்வு பெற்ற ஆசிரியர், திருக்கழுக்குன்றம்
கே: நாடாளுமன்றம் முதலில் எதைச் சீர்திருத்த வேண்டும்? எரிசக்திச் சட்டங்களையா, குடிவரவு - குடியுரிமைச் சட்டங்களையா? 'இரண்டுமே முக்கியம்' என்று நழுவினால் மார்க் கிடையாது.

ப: குடியுரிமையைத்தான். எரிசக்திக்கு வக்காலத்து வாங்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனிகள் இருக்கின்றன, வல்லுநர்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் கரண்ட் போனால் மறியலுக்கு உட்கார நீங்களும் நானும் இருக்கிறோம். ஓட்டே இல்லாதவர் எந்தச் சாலையில் உட்காருவார்? மார்க்கைப் போடுங்கள் ஐயா.

கல்லூரி மாணவி, மாமல்லபுரம்
கே: இரண்டையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாதா?

ப: செய்தார்கள். 2025 ஏப்ரலில் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம். வெள்ளைக்காரன் காலத்து 1920, 1939, 1946 சட்டங்களையும் 2000-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றையும் ஒன்றாக உருக்கி வார்த்தது. டிசம்பரில் 'சாந்தி' என்ற அணுசக்திச் சட்டம். ஆக, நேரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு சட்டத்திலும் யார் விடுபட்டார்கள் என்பதுதான் கேள்வி. கீழே வருகிறேன்.

வழக்கறிஞர், செங்கல்பட்டு
கே: அமெரிக்காவில் இதே விவாதம் நடந்ததாமே?

ப: 2010-இல். பருவநிலை - எரிசக்தி மசோதாவைச் செனட்டில் இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், குடிவரவை முன்னால் கொண்டுவரலாமே என்றார். அந்த வருடம் நெவாடாவில் அவருக்குத் தேர்தல். லத்தீன் அமெரிக்க வம்சாவளி வாக்காளர்கள் அங்கே ஏராளம். கூடத் தயாரித்துக்கொண்டிருந்த குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரஹாம் கோபித்துக்கொண்டு விலகினார். ஜூலையில் எரிசக்தி மசோதாவைக் கைவிட்டார்கள். சிறு வயதில் வந்து குடியேறியவர்களுக்கான 'ட்ரீம்' மசோதா டிசம்பரில் செனட்டில் விழுந்தது. எது முதலில் என்ற சண்டையில் இரண்டும் போயிற்று. ரீட் மட்டும் ஜெயித்தார்.

மளிகைக் கடைக்காரர், திருக்கழுக்குன்றம்
கே: இதற்கெல்லாம் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாமா?

ப: கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார், மாலையும் போடலாம். ஆனால் அணுசக்தி, குடியுரிமை, வெளிநாட்டவர், பாஸ்போர்ட் எல்லாம் அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. மின்சாரம் மட்டும் பொதுப் பட்டியல். மின்கம்பம் சாய்ந்தால் எம்.எல்.ஏ., சட்டம் சாய்ந்தால் எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தரசி, புதுப்பட்டினம்
கே: அணு உலை வாசலிலேயே குடியிருக்கிறோம். எங்களுக்கும் கரண்ட் கட். என்ன நியாயம்?

ப: உலையில் பிறக்கும் மின்சாரம் உங்கள் வீட்டுக்கு நேரே வருவதில்லை தாயே. உயர் அழுத்தக் கம்பியில் ஏறி மத்தியத் தொகுப்புக்குப் போய், பல மாநிலங்கள் பங்குபோட்ட பிறகு ஊர் சுற்றித்தான் வருகிறது. உங்கள் தெரு இருண்டதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய டிரான்ஸ்பார்மர் அல்லது கம்பியில் உரசும் புளியங்கிளை. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். கல்பாக்கத்தின் பழைய உலைகள் இரண்டும் சேர்ந்து 440 மெகாவாட். 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இரண்டும் மூச்சுப் பிடித்து ஓடி, அத்தனையும் நமக்கே வந்தாலும் நூற்றுக்கு இரண்டுதான்.

மீனவர், சதுரங்கப்பட்டினம்
கே: சாந்தி சட்டத்தால் தனியாரும் அணு உலை கட்டலாம் என்கிறார்கள். கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு அதில் என்ன?

ப: நிறைய இருக்கிறது. 1962-ஆம் வருடத்து அணுசக்திச் சட்டம் போயிற்று. தனியார் கம்பெனியும் உரிமம் வாங்கி உலை கட்டலாம், சொந்தமாக வைத்து ஓட்டலாம். யுரேனியம் செறிவூட்டல், எரிந்த எரிபொருளை மறுசுத்திகரித்தல் போன்றவை மட்டும் மத்திய அரசின் கையில். இதுவரை வெறும் அரசாணையில் நின்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்திருக்கிறது. அந்த வாரியம் அமைந்தது 1983-இல். நாற்பத்திரண்டு வருடம் கழித்து அடையாள அட்டை. நல்ல காரியம், பாராட்டிவிடுவோம்.

உங்களுக்கு இடிக்கிற இடம் நஷ்டஈடு. 2010-ஆம் வருடத்துப் பொறுப்புச் சட்டத்தில் ஒரு முள் இருந்தது: கருவி கோளாறாக இருந்து விபத்து நடந்தால், உலையை நடத்துகிறவர் அதை விற்றவரிடம் திரும்ப வசூலிக்கலாம். போபால் வழக்கில் அந்த வருடம் ஜூனில் வந்த தீர்ப்பின் சூட்டில் வைத்த முள் அது. போபால் பேரழிவு நடந்தது 1984-இல், சமரசத்தில் கிடைத்தது 47 கோடி டாலர். அந்தக் கசப்பு அப்போது எல்லாக் கட்சிக்கும் ஞாபகம் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பல அந்த ஒரு பிரிவைச் சொல்லியே பதினைந்து வருடம் ஒதுங்கி நின்றன. புதிய சட்டம் முள்ளைப் பிடுங்கிவிட்டது. இனி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான், அல்லது வேண்டுமென்றே சேதம் செய்திருந்தால்தான் வசூல். கம்பெனிகளே எழுதும் ஒப்பந்தத்தில் தங்கள் தலைக்கு எதிராக அவர்கள் எழுதுவார்களா என்பதை உங்கள் வலையில் விழுகிற மீனிடம் கேளுங்கள்.

உலையை நடத்துகிறவர் தரவேண்டிய தொகைக்கும் உச்சவரம்பு உண்டு: உலையின் அளவுக்கேற்ப 100 கோடியிலிருந்து 3,000 கோடி ரூபாய் வரை. அதற்குமேல் போனால் மத்திய அரசு. அதற்கும் ஒரு வரம்பு.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது ஓடிக்கொண்டிருந்த கல்பாக்கத்து உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, கசிவு இல்லை. உயிர் போனது பக்கத்துக் குடியிருப்புகளிலும் குப்பங்களிலும்தான். உலை தாங்கியதால் ஊரும் தாங்கிவிடும் என்று அர்த்தமில்லை.

எனக்குக் கோபம் வேறு. சாந்தி மசோதா 2025 டிசம்பர் 15, திங்கட்கிழமை அவைக்குள் நுழைந்தது. வியாழக்கிழமைக்குள் இரு அவைகளையும் தாண்டிவிட்டது. நிலைக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ அனுப்புங்கள் என்ற எதிர்க்கட்சிகளின் குரல் எடுபடவில்லை. அதே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004-இல் வேலை தொடங்கி, உலையின் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கவே 2024 மார்ச் ஆயிற்று. உலைக்கு இருபது வருடம் பொறுக்க முடிந்தவர்களால் சட்டத்துக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாதா?

எட்டாம் வகுப்பு மாணவன், திருக்கழுக்குன்றம்
கே: நம்ம ஊர் கழுகுகள் பாஸ்போர்ட் வைத்திருந்தனவா?

ப: தேவைப்படவில்லை தம்பி. காசி, ராமேஸ்வரம் என்று சுற்றிவிட்டு உச்சிவேளையில் மலைமேல் சாப்பாட்டுக்கு வருவதாகத்தானே ஐதீகம், எல்லாம் உள்நாட்டுப் பயணம். உண்மையான வெளிநாட்டவர் வந்ததற்கு ஆதாரம் அதே மலையின் ஒருகல் மண்டபத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் ஏறி வந்து தங்கள் பெயரையே கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளிநாட்டவர் பதிவேட்டை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். நீ அந்த மாதிரி எதையும் வெட்டாதே, தொல்லியல் துறை பிடித்துக்கொள்ளும்.

தொழிற்சாலை மேலாளர், மறைமலைநகர்
கே: வடமாநிலத்தவர் வந்து குவிகிறார்கள். அவர்களுக்கும் ஒரு குடிவரவுச் சட்டம் வேண்டாமா?

ப: பீகார் வெளிநாடாகிவிட்டதா? எனக்குத் தந்தி வரவில்லை. நாட்டில் எங்கும் போக, எங்கும் குடியிருக்க அரசமைப்பின் 19-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதன் தயவில்தான் நம் பிள்ளைகள் பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். வருகிறவர்களுக்கு வேண்டியது கூலி, ஒழுங்கான தங்குமிடம், ஓடிப்போகாத கான்டிராக்டர். 1979-லேயே அதற்கென ஒரு சட்டம் வந்தது. இப்போது அது 2025 நவம்பரில் அமலான தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் கரைந்துவிட்டது. உங்கள் ஆலையில் அது எப்படி நடக்கிறது என்று நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

வாசகி, நெரும்பூர்
கே: இலங்கைத் தமிழருக்குத்தான் 2025-இல் விலக்கு கொடுத்துவிட்டார்களே. இன்னும் என்ன குறை?

ப: விலக்கு வேறு, உரிமை வேறு. புதிய குடிவரவுச் சட்டம் செப்டம்பர் 1-இல் அமலானபோது ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்குள் இங்கு வந்து அகதியாகப் பதிந்த இலங்கைத் தமிழர்மீது, பாஸ்போர்ட் - விசா இல்லை என்பதற்காக வழக்குப் போட மாட்டார்கள். ஜெயில் பயம் நீங்கியது, சந்தோஷம். ஆனால் அவர் குடிமகனாகவில்லை. ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை.

ஏன் ஆக முடியவில்லை என்பதில்தான் சட்டத்தின் சாமர்த்தியம். 2003-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆவணமின்றி வந்தவர் அத்தனை பேரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள். உயிருக்குப் பயந்து படகில் ஓடி வருகிறவர் வழியில் விசா வாங்கிக்கொண்டா வருவார்? அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் எத்தனை வருடம் இருந்தாலும் விண்ணப்பிக்க வழியில்லை. 2019-இல் ஒரு கதவைத் திறந்தார்கள்: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றிலிருந்தும் வந்த சிறுபான்மை மதத்தவருக்கு. இலங்கை பட்டியலில் இல்லை. அங்கே கோயிலும் உண்டு, சர்ச்சும் உண்டு, துன்புறுத்தலும் இருந்தது. இருந்தும் இல்லை.

பிறப்பிலும் ஒரு கோடு இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்கு விதி இன்னும் இறுக்கம். ஆகவே ஒரே அகதி முகாமில், ஒரே தாய் வயிற்றில் பிறந்து, 1986-இல் பிறந்த அண்ணன் இந்தியர், 1988-இல் பிறந்த தம்பி அயல்நாட்டவர் என்று ஆகலாம். தம்பி இலங்கையை வரைபடத்தில்தான் பார்த்திருப்பார்.

இதில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா கையெழுத்திட்டது. அந்தக் கணக்கு ஒழுங்காக முடியாமலே கலவரம் வந்தது.

1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் உலை உயிர்பெற்றது. அதே ஜூலையில்தான் கொழும்பு எரிந்தது, மக்கள் இந்தக் கரைக்கு ஓடிவரத் தொடங்கினார்கள். உலைக்கு அதன் பிறகு எத்தனையோ சட்டத் திருத்தம் வந்துவிட்டது. முகாமுக்கு 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, 317 கோடி ரூபாயில் மாநில அரசு நலத்திட்டங்களை அறிவித்தது. மாநிலத்தால் வீடு கட்டித் தர முடியும், நாட்டைத் தர முடியாது. ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். 2003-ஆம் வருடத்துத் திருத்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். மத்திய அரசுக்குப் பத்துப் பைசா செலவில்லை.

வங்கி ஊழியர், கூவத்தூர்
கே: 2009-இல் போர் முடிந்துவிட்டதே. திரும்பிப் போகலாமே?

ப: விரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். போக விரும்புகிறவருக்குக் கப்பல் ஏற்பாடு செய்யுங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதி, இங்கேயே பெயின்ட் அடித்துப் பிழைக்கிறவரிடம் 'திரும்பி' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு தந்தை, வாயலூர்
கே: மகனுக்குக் கத்தாரில் வெல்டர் வேலை. ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ப: கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. ரசீது கட்டாயம். அவர் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகன் பத்தாம் வகுப்புத் தேறவில்லை என்றால் பாஸ்போர்ட் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற வகையில் வரும். கத்தார், சவூதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்கியே ஆகவேண்டும். அப்போதுதான் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் சேரும். 'டூரிஸ்ட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கான சட்டமும் 1983-ஆம் வருடத்தியதுதான். மாற்றாகப் புதிய மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் வெளியிட்டார்கள். அது வரும்போது வரட்டும். அதுவரை வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், பணத்தை எண்ணுவதற்கு முன் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.