ஜமக்காளத்தை உதறாதீர்கள்

நேற்று மத்தியானம் பேத்தியைப் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போயும் என் காது இன்னும் அடங்கவில்லை. தொட்டிலில் தூங்கிய பிள்ளை விலுக்கென்று இரண்டு கையையும் விரித்து, விரல்களை அகட்டி, பிறகு யாரையோ கட்டிப் பிடிக்கப்போவதுபோல் கைகளைச் சேர்த்துக்கொண்டு வீறிட்டது. உடனே தீர்ப்பு: "புள்ள பயந்துக்குச்சுங்ண்ணா. கயிறு மந்திரிச்சுக் கட்டோணுமுங்க." பயமுறுத்தியவர் வாயிலிருந்தே வந்தது இது.

ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்தபோது, 1918-இல் இந்தத் திடுக்கிடலை விவரித்து எழுதினார். படுத்திருக்கும் குழந்தையின் தலையணையை இருபுறமும் கையால் தட்டிப் பார்த்தார். இன்று அதற்கு மோரோ அனிச்சை என்றே பெயர். பிறந்த பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்து, டாக்டர் சட்டென்று கொஞ்சம் தணித்துப் பார்ப்பது இதற்காகத்தான். இரண்டு கையும் ஒன்றுபோல் விரிந்தால் அவருக்குத் திருப்தி. ஒரு கை மட்டும் விரிந்தால், பிரசவத்தில் காறை எலும்போ தோள் நரம்போ அடிபட்டிருக்குமோ என்று பார்ப்பார்கள். ஆக, பிள்ளை திடுக்கிடாவிட்டால்தான் கவலை. இதை எங்கள் சொந்தக்காரர்களிடம் சொன்னால் என்னையும் சேர்த்து மந்திரிக்கச் சொல்வார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. சொல்கிறேன். அதற்கு முன் ஜமக்காளம்.

மோரோ எங்கள் பவானியில் இருந்திருந்தால் தலையணையைத் தொட்டிருக்கவே மாட்டார். விருந்தாளி வந்தால் இந்த ஊரில் ஜமக்காளத்தை விரிப்பதில்லை, உதறுகிறோம். தடித்த நூலில் கைத்தறியில் நெய்தது, பட்டை பட்டையாக நிறம், 2005-06-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. குறியீட்டில் சத்தத்தைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுண்டு சுண்டினால் 'படீர்'. பக்கத்து வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிச் சொல்லிவிடலாம்: பங்காளி என்றால் ஒரு உதறு, மாமன் மச்சான் என்றால் இரண்டு, சம்பந்தி வீட்டார் என்றால் தூசி தீர்ந்த பிறகும் மரியாதைக்கு ஒன்று. வந்தவர்கள் "அதெதுக்குங்க, வெறுந்தரையே போதுமுங்க" என்பார்கள். அதற்காக இன்னொரு உதறு. தூசிக்கு ஒருவர் தும்முவார், அதற்கொரு மோரோ. காபி வரும், எவர்சில்வர் டம்ளர் உருளும், அதற்கொரு மோரோ. அவர்கள் எழுந்ததும் ஜமக்காளத்தை மடித்து வைப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் பவானியைத் தெரியாதவர். மடிப்பதற்கு முன் உதற வேண்டும். நாட்டுவெடி போட அனுமதி கேட்கிறார்கள்; ஜமக்காளத்துக்கு ஏன் கேட்பதில்லை? மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த புது ஜமக்காளம் வேறு இருக்கிறது. அது இன்னும் விறைப்பு.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் தவறாமல் பிள்ளைக்குப் பரிந்து பேசுவார். "சத்தம் போடாதீங்க, புள்ள தூங்குதல்லோ!" காளிங்கராயன் வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும். தூங்கவில்லை, இப்போது தூங்கவில்லை.

துணியில் இதமாகச் சுற்றிப் படுக்கவைத்தால் இந்தத் திடுக்கிடல் குறையும். சுற்றினோம். "மூஞ்சியே சரியாத் தெரியலீங்களே" என்று அவிழ்த்துவிட்டார்கள். மணிக்கட்டில் வசம்பு வளையல் ஏறியாயிற்று, தலைமாட்டில் இரும்பு வைத்தாயிற்று, கயிறும் வரப்போகிறது. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இந்த அனிச்சை தானாகவே மறைந்துவிடும். கயிறு கட்டினவர் கயிற்றால்தான் போனது என்பார். அவரை மறுக்க அப்போது என்னிடம் ஆதாரமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

கொள்கை என்றேன் அல்லவா? இருங்கள், யாரோ வருகிறார்கள். அழைப்பு மணியின் வயரை நான்தான் பிடுங்கிவிட்டேன். அதனால் கேட்டின் கொண்டியைப் பிடித்து ஆட்டுகிறார்கள், "ஏனுங்க, ஊட்ல ஆருமில்லீங்களா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி.