உள்நுழைந்தவர் எல்லாம் படித்தவராம்

வட சிலாங்கூரின் ராசாவில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் அடுத்தது கோலகுபு பாரு. அதற்கடுத்தது தஞ்சோங் மாலிம். அங்கே இருக்கிறது சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997-இல் பல்கலைக்கழகமானது. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயாரித்து அனுப்பும் இடம். இந்தப் பக்கம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பழைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் பல்கலைக்கழகம். சுற்றிலும் செம்பனை, நடுவில் வளாகம். ஆக, வட சிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தூரமில்லை. ரயில் போய்ச் சேர்ந்துவிடும். இணைய லைன்தான் வந்து சேராது.

2020-இல் இதை நாடே பார்த்தது. மார்ச் 18-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. மே இறுதியில் உயர்கல்வி அமைச்சு அறிவித்தது: ஆண்டு முடியும்வரை வகுப்புகள் இணையத்தில். அறிவிக்க ஒரு தாள் போதும். நடத்தத்தான் லைன் வேண்டும். அந்த மே மாதத்திலேயே அமைச்சு மாணவர்களுக்கு இன்னொன்றையும் அறிவித்தது. நோன்புப் பெருநாள் டிக்டாக் போட்டி. டேட்டா வாங்கக் காசில்லை என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காணொளி எடுத்துப் பதிவேற்று என்றார்கள் பெரியவர்கள். மாணவர்கள் கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

ஜூன் மாதம், சபா மாநிலத்துப் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி இணையத்தில் தேர்வு எழுத மரத்தில் ஏறினாள். 24 மணி நேரம் அங்கேயே இருந்தாள். அந்தக் காணொளி உலகமெல்லாம் ஓடியது. வெட்கப்பட வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? செப்டம்பரில் ஒரு துணையமைச்சர் நாடாளுமன்ற மேலவையில் எழுந்து, அந்தப் பெண்ணுக்கு அப்போது தேர்வே இல்லை என்றார். பல்கலைக்கழகம் வாய் திறந்தது. தேர்வு இருந்தது, அவள் எழுதினாள் என்றது. துணையமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மரத்தடிக்கு லைன் வந்ததா என்று கேட்க வேண்டிய சபையில், மரத்தில் இருந்தவள் பொய் சொன்னாளா என்று விசாரணை நடந்தது. நம் நாட்டில் கோபுரம் கட்டுவதைவிடக் குற்றம் கட்டுவது சுலபம்.

அக்டோபரில் இன்னொரு கூத்து. புதிய பருவம், வளாகத்துக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். பிள்ளைகள் பெட்டியைக் கட்டி, டிக்கெட் எடுத்து, பாதி வழி வந்தாயிற்று. வராதீர்கள் என்றார்கள். ஒன்றாக உட்கார்ந்து படிப்பது பற்றி நம் மேலிடம் எடுக்கும் முடிவுகள் இந்த அழகில்தான் இருக்கும்.

திட்டம் இல்லாமலா இப்படி நடந்தது? திட்டத்துக்கு என்ன குறை! 2014-இலேயே மாபெரும் இணையப் பாடங்களைத் தொடங்கியாயிற்று. 2015-இல் உயர்கல்விப் பெருந்திட்டம் வந்தது. அதில் பத்துத் தாவல்கள். ஒன்பதாவது தாவல், உலகளாவிய இணையக் கற்றல். 70 விழுக்காடு பாடத்திட்டங்கள் கலப்புக் கற்றலுக்கு மாறும் என்று எழுதினார்கள். வழவழப்பான தாள், வண்ண வண்ணமான படங்கள். அந்த ஒன்பதாவது தாவலை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிக் காட்டியவள் பித்தாஸ் மாணவி ஒருத்திதான். மரத்துக்குத் தாவினாள்.

பணமும் குறைவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வருமுன் இந்தப் பிள்ளைகள் படித்த பள்ளிகளையே பாருங்கள். 1பெஸ்தாரிநெட் நினைவிருக்கிறதா? பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையம், அதோடு ஒரு மெய்நிகர் கற்றல் தளம். 15 ஆண்டுத் திட்டத்துக்கு 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல் மதிப்பிட்டார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். தலைமைக் கணக்காய்வாளர் 2014-இல் அறிக்கை வைத்தார். தளத்தைப் பயன்படுத்தியவர்கள் ஐந்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2019-இல் திட்டத்துக்கு மூடுவிழா. திறப்பு விழாவுக்கு வந்த மாலைகளில் ஒன்றாவது மூடுவிழாவுக்கு வந்ததா?

பிறகு கைக்கணினி. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களின் மாணவர்கள் ஆறு லட்சம் பேருக்கு இலவசக் கைக்கணினி என்றார்கள். ஒதுக்கீடு 45 கோடி ரிங்கிட். நல்ல காரியம். கை தட்டுவோம். விண்ணப்பம் எப்போது திறந்தது? 2022 ஏப்ரலில். அதே ஏப்ரல் முதல் தேதிதான் கொரோனாவோடு வாழப் பழகுவோம் என்று நாடு கதவைத் திறந்துவிட்டது. இரண்டு ஆண்டு கைப்பேசித் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் படித்த பிள்ளைகள் வளாகத்துக்குத் திரும்பிய பிறகு, வீட்டிலிருந்து படிப்பதற்கான கருவிக்கு விண்ணப்பப் பாரம் வந்தது.

வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய வட்டாரம் இது. வீட்டையே போராடி வாங்க வேண்டிய ஊரில், 'வீட்டிலிருந்தே கற்றல்' என்று பதாகை கட்டியவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்!

சரி, லைனும் வந்தது, கருவியும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு வகுப்பில் என்ன நடக்கிறது?

இணையத்தில் கூட்டு வாசிப்பு நடத்தலாம் என்ற எண்ணத்தில் பிழையில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம். ஒரு வகுப்பே ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறது. புரியாத வரிக்கு ஒருவர் அடிக்கோடு போட்டு ஓரத்தில் கேள்வி எழுதுகிறார். இன்னொருவர் பதில் எழுதுகிறார். மூன்றாமவர் அந்தப் பதிலை மறுக்கிறார். பிள்ளைகள் எந்த வரியில் இடறினார்கள் என்று விரிவுரையாளருக்கு வகுப்புக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பாடத்தை அங்கிருந்து தொடங்குகிறார். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் சகாக்களோடு உருவாக்கிய 'பெருசால்' இதைத்தான் செய்கிறது. 'ஹைப்போதிசிஸ்' என்ற கருவியும் இதைத்தான் செய்கிறது. அவர்கள் ஊரில் அது வாசிப்பு. நம் ஊருக்கு வந்ததும் அது வருகைப் பதிவேடு.

இரவு 11.58. கெடு 12 மணி. கலந்துரையாடல் பகுதியில் முதல் மாணவர் எழுதுகிறார்: 'மிகச் சிறந்த கருத்து.' இரண்டாமவர்: 'உங்கள் கருத்தை ஏற்கிறேன்.' மூன்றாமவர்: 'மேற்கண்ட இருவரின் கருத்தோடும் முழுமையாக உடன்படுகிறேன்.' மேற்கண்ட இருவரும் கருத்தே சொல்லவில்லை. நான்காமவர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நான்கு பத்தி ஒட்டுகிறார். அவருக்கே அதிக மதிப்பெண். நீளமாக இருக்கிறதல்லவா! மறுநாள் துறைக்கு அறிக்கை போகிறது: மாணவர் பங்கேற்பு நூறு விழுக்காடு. துறையிலிருந்து புலத்துக்கு, புலத்திலிருந்து மேலிடத்துக்கு. மேலிடத்தில் ஒருவருடைய கே.பி.ஐ. இலக்கு நிறைகிறது. போகும் வழியில் ஒருவராவது அந்த நான்கு பேர் எழுதியதைப் படித்தாரா? படிப்பது அவர் கே.பி.ஐ.யில் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் அவர்கள் தருகிறார்கள்.

பாடநூல்? அதுவும் தளத்தில் இருக்கிறது. நகலின் நகலை வருடி ஏற்றிய கோப்பு. பக்கங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். கீழ் இரண்டு வரி வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லைக்கூடத் தொட்டு அடிக்கோடு போட முடியாது. அது எழுத்தல்ல, படம். தட்டச்சு செய்த கோப்பாக இருந்தாலோ, ஒருங்குறிக்கு முந்திய பழைய எழுத்துரு. ஒரு சொல்லை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறுகிறது. படக் கோப்போ மலை போல் கனம். இறக்கி முடிப்பதற்குள் தோட்டத்துப் பிள்ளையின் டேட்டா தீர்ந்துவிடும். கூடி வாசிக்கக் கருவிக்குக் காசு கட்டியாயிற்று. கூடி வாசிக்க ஒரு பக்கம் இல்லை.

கூடி வாசிப்பது நமக்கு ஹார்வர்டு வந்து சொல்லித் தர வேண்டிய வித்தையா? அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வாசலில் எழுத்தறிந்த ஒருவர் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்தவர்கள் நடுவில் நிறுத்திக் கேட்பார்கள். மறுப்பார்கள். சண்டையும் வரும். கடவுச்சொல் கிடையாது. பங்கேற்பு உண்மையாகவே நூறு விழுக்காடு.

அந்த மக்கள் அத்தோடு நிற்கவில்லை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வரவிருந்தது. அங்கே தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா, சமஸ்கிருதம் முந்திக்கொள்ளுமா என்று வாதம் எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பால்மரம் சீவியவர்கள் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்கள். 1956-இல் துறை வந்தது, தமிழும் வந்தது. திரண்ட நிதி தமிழ் நூல்களுக்குப் போனது. தனிநாயகம் அடிகள் அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் பல்கலைக்கழகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் படித்தவர்கள் அவருடைய பேத்திக்குக் கடவுச்சொல் கொடுக்கிறார்கள்.

தமிழில் வசதி இல்லை என்ற சாக்கும் செல்லாது. 1980-களிலேயே கணினியில் தமிழைத் தட்ட 'முரசு அஞ்சல்' செய்தவர் முத்து நெடுமாறன். நம் நாட்டுக்காரர். 1998-இலிருந்து மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் தொடங்கிப் பழைய நூல்களைத் தட்டித் தட்டி இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2005-இலிருந்து இலங்கைத் தமிழர் 'நூலகம்' என்ற பெயரில் தங்கள் ஏடுகளையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்து அடுக்குகிறார்கள். போர் நடந்த நாட்டில் அதைச் செய்தார்கள். இவற்றை ஓடவைக்க நாடா வெட்டும் அமைச்சர் தேவைப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, அவை இன்றும் வேலை செய்கின்றன.

நாம் கேட்பது பெரிதல்ல. பாடமாக வைக்கும் நூலை, உரிமை பெற்று, ஒருங்குறியில் கொடுங்கள். முழு நாவலே சில மெகாபைட்டில் அடங்கிவிடும். லைன் இல்லாத பிள்ளைக்கு அச்சடித்துக் கொடுங்கள், அவமானமில்லை. 'உடன்படுகிறேன்' என்பதற்குச் சுழியம் போடுங்கள். 'இந்த வரி எனக்குப் புரியவில்லை' என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். ஓரத்தில் எழுந்த கேள்வியை மறுநாள் வகுப்பில் எடுத்துப் பேசுங்கள். அதற்கு விரிவுரையாளர் முதலில் அந்த நூலைப் படித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் சிலருக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

அடுத்த முறை ஒரு டத்தோ வந்து புதிய மின்கற்றல் தளத்தைத் திறந்து வைப்பார். பொத்தானை அழுத்துவார், திரையில் பட்டாசு வெடிக்கும், எல்லாரும் கை தட்டுவார்கள். நீங்கள் தட்டாதீர்கள். எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன பருவத்தில் உங்கள் மாணவர்கள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கூடிப் படித்த ஒரு நூலின் பெயர் என்ன? எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். விடாதீர்கள். நூலின் பெயரைக் கேளுங்கள்.