சுவர் வைத்தியர்

ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் சென்னை அடுக்குமாடிகளில் ஒருவர் அவதரிப்பார். மடித்துக் கட்டிய லுங்கி, கையில் டார்ச். நகரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அவருடைய ஆண்டுப் புகழோ மொத்தமும் அந்த மூன்று மாதத்தில்தான்.

கூப்பிடாமலே வருவார். உப்பிய பெயிண்ட் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நாடி பார்ப்பார். பிறகு விரல் கணுவால் இரண்டு தட்டு. "தொம்தொம்னு கேக்குது பாருங்க. பூச்சு விட்டுப்போச்சு சார்." தட்டின வேகத்தில் ஒரு கை அகலப் பூச்சு நம் சோபாவில் விழும். "சொன்னேன்ல?"

நோய்க்குக் காரணம் எப்போதும் மேல்வீட்டு பாத்ரூம்தான். மேலே வானம் மட்டுமே இருக்கிற மூன்றாம் மாடிக்காரரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். மருந்தும் ஒன்றே: "நல்ல எக்ஸ்டீரியர் பெயிண்ட், ரெண்டு கோட்டு. நாளைக்கே அடிச்சிடுங்க." ஈரத்தின் மேலேயே அடித்தால் உள்ளே மாட்டிய தண்ணீர் மாசி வெயிலில் பெயிண்டைப் பூரியாக உப்பவைக்கும். அடுத்த ஐப்பசிக்கு நோயாளி தயார்.

போன வருடம் எங்கள் கிழக்குச் சுவரைப் பார்க்க ஒரு கொத்தனார் வந்தார். வைத்தியர் மேல்வீட்டைக் காட்டினார். கொத்தனாரோ சன்ஷேடின் அடியில் கரண்டி நுனியை ஓட்டிப் பார்த்தார். "தண்ணி சொட்டறதுக்குக் கோடே போடல சார்."

அவ்வளவுதான் விஷயம். அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி அரை அங்குலப் பள்ளமாக ஒரு கோடு இருந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லையென்றால் பல்லி மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டே ஊர்ந்து சுவருக்கு வரும். மயிரிழை விரிசல் கிடைத்தால் உள்ளேயே குடியேறும்.

"சுவர் நல்லாக் காயட்டும். பங்குனில கோடு போட்டு, விரிசலை அடைச்சு, அப்புறம் பெயிண்ட் அடிக்கலாம்" என்றார் கொத்தனார்.

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் வைத்தியர்.

பங்குனி வந்தது. சுவர் காய்ந்தது, எங்களுக்கு மறந்தும் போனது. வைத்தியரிடம் ஞாபகப்படுத்தச் சொல்லலாம் என்றால், அப்போது அவர் தண்ணீர் லாரி நிபுணர்.

உங்கள் வீட்டு சன்ஷேடின் அடியை இன்றே ஒருமுறை தடவிப் பாருங்கள். கோடு தட்டுப்படவில்லையா? வெயில் இருக்கும்போதே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுங்கள். ஐப்பசி வரை விட்டால், கூப்பிடாமலே வைத்தியர் வந்துவிடுவார்.